பழங்கம்பியும் ஒரு துண்டு ஸ்பாஞ்சும்

பேஸ் கிட்டாரின் ஆகத் தடித்த கம்பியை மீட்டினால் அது நொடிக்கு 41 முறை அதிரும். உள்ளங்கை அகலம்கூட இல்லாத ஸ்பீக்கர் வைத்த டிரான்சிஸ்டர் ரேடியோவால் அந்த 41 ஹெர்ட்ஸை ஒலிக்கவே முடியாது. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் அதன் குரல் அநேகமாக அடங்கிவிடும். ஆனால் எண்பதுகளில் தமிழ்நாடு இளையராஜாவின் பேஸ் கிட்டாரைப் பெரும்பாலும் அப்படிப்பட்ட ரேடியோவில்தான் கேட்டது. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றைக்கும் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே பேஸ் ஏறி இறங்கும் பாதையை வாயாலேயே பாடிக் காட்டுவார்கள். ரேடியோ தராத ஒலி அவர்கள் காதுக்கு எப்படி வந்தது?

மீட்டிய கம்பி ஒரே விதமாக அதிர்வதில்லை. முழுக் கம்பியும் நொடிக்கு 41 முறை அதிரும்போதே, அது இரண்டு பாதியாகப் பிரிந்து 82 முறையும், மூன்று பங்காகப் பிரிந்து 124 முறையும், நான்கு பங்காக 165 முறையும், ஐந்து பங்காக 206 முறையும் அதிர்கிறது. இந்த மடங்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நடக்கின்றன. சின்ன ஸ்பீக்கரிலிருந்து 41 வராது, 82 வராது. 165, 206, 247 வரும். அவற்றுக்கிடையே சீராக 41 இடைவெளி இருப்பதை மூளை கண்டுகொள்கிறது. இந்த இடைவெளிக்கு அடிப்படையாக 41 இருந்தாக வேண்டும் என்று முடிவுசெய்து, காற்றில் இல்லாத அந்தச் சுருதியை நமக்குக் கேட்கவும் வைத்துவிடுகிறது. பழைய பேஸ் தொனியைப் புரிந்துகொள்ள நான் பிடித்துக்கொள்ளும் முதல் நூல் இதுதான். நம் நினைவில் இருக்கும் அந்த பேஸ், 41 ஹெர்ட்ஸில் இருந்ததைவிட 100க்கும் 800க்கும் இடையில்தான் அதிகம் இருந்தது.

கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே ஈ.சி.ஆர். நெடுக, ஆடி மாதமும் மாசி மாதமும் திருவிழா மேடைகளில் மெல்லிசைக் குழுக்கள் வாசிக்கின்றன. அந்தக் குழுக்களில் பேஸ் பிடிக்கும் பையன்கள் என்னிடம் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "அண்ணே, ராஜா சார் பாட்டுல வர்ற பேஸ் சவுண்டு எந்தப் பெடல்ல கிடைக்கும்?" கேட்பவர்களின் ஆம்பில் பேஸ் நாப் முழுசாக ஏறியிருக்கும். ட்ரெபிளும் ஏறியிருக்கும், நடுவில் உள்ள மிட் மட்டும் இறங்கியிருக்கும். கடையில் தனியாக வாசித்துப் பார்க்கும்போது அந்த அமைப்பு பிரமாதமாகத்தான் இருக்கும். கீபோர்டு, டிரம்ஸ், தபலா எல்லாம் சேர்ந்த பிறகு பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

அதற்கும் காரணம் காதுதான். 1933இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃப்ளெச்சரும் முன்சனும் மனிதக் காது எந்த அதிர்வெண்ணை எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்று அளந்தார்கள். அதன்பின் திருத்தி அளந்த இன்றைய வரைகோடுகளின்படி, மிதமான ஒலியளவில் 1,000 ஹெர்ட்ஸ் கேட்கும் அதே உரப்பில் 40 ஹெர்ட்ஸும் கேட்க வேண்டுமானால் அதற்கு ஏறத்தாழ 40 டெசிபெல் கூடுதலாகத் தர வேண்டும். 40 டெசிபெல் என்றால் பத்தாயிரம் மடங்கு ஆற்றல். பேஸ் நாப்பை ஏற்றிக்கொண்டே போவது ஆம்பைச் சூடாக்கும், ஸ்பீக்கர் கோனைக் கிழிக்கும். தொனியை மட்டும் தராது.

அந்தத் தொனிக்குப் பின்னால் இருப்பவர்களை முதலில் சொல்லிவிட வேண்டும். இளையராஜாவின் குழுவில் நெடுங்காலம் பேஸ் வாசித்தவர் சசிதரன், இசைக்கலைஞர்களுக்கு சசி. ராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நொட்டேஷன் எழுதித் தருபவர், பேஸுக்கும் அப்படியே. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் கிட்டாருக்குப் பேர்போன அந்த நிலாப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பேஸ் தாளத்துக்குக் காவல் நிற்பதோடு நிற்கவில்லை, பாடகரின் மெட்டுக்குக் கீழே இரண்டாவது மெட்டாக நடந்து போகிறது. 1980இல் வந்த 'நிழல்கள்', 'மூடுபனி' படங்களின் பாட்டுகளிலும் இந்த நடையைக் கேட்கலாம். ஒரு மெட்டு காதில் விழ வேண்டுமானால் ஒவ்வொரு சுரமும் தொடங்குவதும் முடிவதும் தெளிவாகத் தெரிய வேண்டும். ஆகவே அங்கே தேவைப்பட்டது நீண்டு முழங்கும் ஒலி இல்லை. உருண்டையாகத் தொடங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அடுத்த சுரத்துக்கு இடம் விட்டு அடங்கும் ஒலி. இதைத்தான் கம்பியிலிருந்து ஸ்பீக்கர் வரை ஒவ்வொரு கட்டமாகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். செலவில்லாத கட்டங்களே முதலில் வருகின்றன.

முதல் கட்டம் வலது கை. கம்பியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் கணு, அதாவது அசையாத புள்ளி, விழும் மடங்குகள் பிறக்காது. இங்கிலாந்தின் தாமஸ் யங் 1800 வாக்கில் சொன்ன விதி இது. கம்பியின் நட்டநடுவில் மீட்டினால் 2, 4, 6 ஆகிய இரட்டைப்படை மடங்குகள் எழாது. கம்பியைத் தாங்கும் குதிரையான பிரிட்ஜிலிருந்து கால் பங்கு தூரத்தில் மீட்டினால் 4, 8 எழாது. நம் வாத்தியங்கள் இந்த விதிக்குக் கட்டுப்படவில்லை என்பதை 1921இல் கல்கத்தாவிலிருந்து சி. வி. ராமன் எழுதினார். தம்புராவின் குதிரையும் வீணையின் குதிரையும் அகலமானவை, லேசாக வளைந்தவை. கம்பி அதிரும்போது அந்தப் பரப்பில் ஒட்டியும் விலகியும் ஆடுகிறது. அதனால் மீட்டும் இடத்தில் கணு உள்ள மடங்குகளும் உரக்க ஒலிக்கின்றன. தம்புராவில் நூல் வைத்து ஜீவா சேர்ப்பது இந்த ஒட்டுதலை நுணுக்கமாகச் சரிசெய்வதற்காகத்தான். பேஸ் கிட்டாரின் பிரிட்ஜ் அப்படி இல்லை. கம்பி ஒரு குறுகிய இரும்புச் சேணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே அங்கே யங்கின் விதி அப்படியே செல்லும். எங்கே விரல் வைக்கிறோமோ அதுதான் தொனி.

பழைய பேஸ் தொனிக்கு விரல் நிற்க வேண்டிய இடம், ஃப்ரெட்போர்டு முடியும் விளிம்புக்கும் பிக்கப்புக்கும் நடுவில். அங்கே மேல் மடங்குகள் மெலிந்து, அடிப்படையும் இரண்டாம் மூன்றாம் மடங்குகளும் முன்னே வரும். பிரிட்ஜ் பக்கம் நகர நகர ஒலி மூக்கால் பேசும். விரலின் சதையும் கணக்கில் சேர வேண்டும். பிக்கின் முனை ஒரு மில்லிமீட்டர்தான், விரல் நுனியோ ஒரு சென்டிமீட்டருக்கு மேல் கம்பியைத் தொடுகிறது. அவ்வளவு அகலமான ஒன்றால் மிக உயர்ந்த மடங்குகளைக் கூர்மையாக எழுப்ப முடியாது. விரல் நகத்தை ஒட்ட வெட்டி, நுனிச் சதையால் கம்பியை உள்பக்கமாகத் தள்ளி விடுவதுபோல் மீட்டினால் எந்த நாப்பையும் தொடாமலே பாதி வேலை முடிந்துவிடும்.

இடது கைக்கும் இதில் பங்கு உண்டு. 55 ஹெர்ட்ஸ் ஏ சுரத்தை மூன்றாம் கம்பியை வெறுமனே மீட்டியும் வாசிக்கலாம், நான்காம் கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில் விரல் வைத்தும் வாசிக்கலாம். சுருதி ஒன்றேதான். இரண்டாவது வழியில் கம்பி தடிப்பானது, அதிரும் நீளமும் குறைந்துவிட்டதால் மீட்டும் விரல் கம்பியின் நடுப்பகுதிக்கு இன்னும் நெருக்கமாக வந்துவிடுகிறது. இரண்டு காரணமும் சேர்ந்து ஒலியை உருண்டையாக்கும். பழைய பாட்டுகளை வாசிக்கும்போது வெறும் கம்பியைக் கூடியவரை தவிர்ப்பது எனக்குப் பிடித்த வழி. வெறும் கம்பியின் பளபளப்பு மற்றச் சுரங்களோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

கம்பியின் ஆட்டத்தை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புக்கும் அதே கணு விதிதான். காந்தமும் ஆயிரக்கணக்கான சுற்றுத் தாமிரக் கம்பிச் சுருளும் கொண்ட அது, தனக்கு நேர் மேலே கம்பி எவ்வளவு ஆடுகிறதோ அதை மட்டுமே அறியும். வழக்கமான பேஸில் கம்பியின் நீளம் 34 அங்குலம். பிரிட்ஜிலிருந்து 6.8 அங்குலத்தில், அதாவது ஐந்தில் ஒரு பங்கில் பிக்கப் இருந்தால், திறந்த கம்பியின் ஐந்தாம் மடங்குக்கு அங்கே கணு. கம்பியில் அந்த அதிர்வு இருந்தாலும் பிக்கப்புக்கு அது கேட்காது. லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸுக்கு ஒரே பிக்கப். 1957இல் அந்தச் சுருளை இரண்டாகப் பிளந்து, முன்னும் பின்னுமாகத் தள்ளி வைத்தார்கள். 1960இல் வந்த ஜாஸ் பேஸில் நெக் பக்கம் ஒன்று, பிரிட்ஜ் பக்கம் ஒன்று என இரண்டு பிக்கப். இன்று நம்மூரில் ஆரம்பநிலை விலைக்குக் கிடைக்கும் பேஸ்களில் பலவும் இந்த இரண்டில் ஒன்றின் நகல்.

கையில் ஜாஸ் வகை பேஸ் இருந்து, பிரிசிஷனின் பழைய குரல் வேண்டுமென்றால் பிரிட்ஜ் பிக்கப்பின் வால்யூமை முழுக்க மூடிவிடுங்கள். நெக் பிக்கப் ஏறத்தாழ பிரிசிஷனின் பிக்கப் உள்ள பகுதியில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒற்றைச் சுருள் என்பதால் கொஞ்சம் மின் இரைச்சல் வரும். டோன் நாப்பைக் குறைத்ததும் அதில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு பிக்கப்பையும் முழுசாகத் திறந்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறையும் என்பது உண்மைதான். கூடவே நடு அதிர்வெண்கள் சிலவும் அடிபட்டுப் போகும். நமக்கு வேண்டியதே அந்த நடுப்பகுதி.

பிக்கப்பின் உயரத்தையும் ஒருமுறை பார்க்க வேண்டும். கம்பிக்கு மிக நெருக்கமாக வைத்தால் காந்தமே கம்பியை இழுக்கும், சுருதி நடுங்கும். திருகைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இறக்கினால் அடியின் முனை மழுங்கி, ஒலி கொஞ்சம் பின்வாங்கி உட்காரும். குறைந்துபோன உரப்பை ஆம்பில் ஏற்றிக்கொள்ளலாம்.

இனி கம்பி. பேஸ் கம்பி என்பது நடுவே ஓர் எஃகு இழை, அதன்மேல் சுற்றிய இன்னொரு இழை. மேலே சுற்றியது உருண்டைக் கம்பியானால் அது ரவுண்ட்வவுண்ட். பட்டையான நாடா போன்றதானால் ஃப்ளாட்வவுண்ட். ஐம்பதுகளிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் மின்பேஸில் இருந்தது பெரும்பாலும் ஃப்ளாட்தான். அதன் வழவழப்பான பரப்பில் விரல் வழுக்கும் சத்தம் வராது. உள்ளுராய்வு அதிகம் என்பதால் மேல் மடங்குகள் எழுந்த வேகத்திலேயே அடங்கும். டெட்ராய்ட் நகரின் மோடவுன் நிறுவனத்துக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் இதற்குப் பெரிய சாட்சி. 1962ஆம் வருடத்துப் பிரிசிஷன் பேஸ், லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட் கம்பிகள், பிரிட்ஜ் மூடிக்கு அடியில் ஸ்பாஞ்சு, வலது கையில் ஒரே ஒரு ஆள்காட்டி விரல். கம்பி அறுந்தால்தான் மாற்றுவார் என்பது அவரைப் பற்றி எல்லோரும் சொல்வது. ஸ்டூடியோவில் பேஸை நேராகக் கன்சோலில் சொருகி வாசித்தார். அறுபதுகளின் அமெரிக்கப் பாட்டுகள் பலவற்றைத் தாங்கிய தொனி இவ்வளவு எளிய சாமான்களிலிருந்து வந்திருக்கிறது.

ஃப்ளாட் கம்பி ஒரு செட் விலை கூடுதல்தான். ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும் என்பதால் பழைய பாட்டுகளையே அதிகம் வாசிப்பவருக்கு அதை வாங்கச் சொல்வேன். வாங்க முடியாதவர் கையில் இருக்கும் ரவுண்ட் கம்பியைப் பழசாக விடலாம். விரலின் வியர்வையும் எண்ணெயும் தோல் துகளும் சுற்றுகளின் இடுக்கில் போய் அடைய, இழைகள் ஒன்றோடொன்று உரசுவது கூடும். அந்த உரசல் முதலில் தின்பது மேல் மடங்குகளைத்தான். சில வாரம் வாசித்த கம்பியின் ஒலி ஃப்ளாட்டின் பக்கமாகப் பாதி தூரம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஓர் எல்லை உண்டு. தந்திராயன்குப்பம், சின்ன முதலியார்சாவடி என்று கடலை ஒட்டியே வீடுகள். கூரை வழியாகவும் ஜன்னல் வழியாகவும் உப்புக் காற்று வந்துகொண்டே இருக்கும். நிக்கல் பூச்சுக் கம்பி இங்கே பழசாகும் முன்பே துருப்பிடிக்கும். அழுக்கேறிய கம்பி வேறு, துருப்பிடித்த கம்பி வேறு. துரு ஓரிடத்தில் தின்று ஓரிடத்தில் விட்டுவைக்கும்; கம்பியின் எடை நீளம் நெடுக ஒரே சீராக இல்லாமல் போகும். அப்போது மடங்குகள் சரியான மடங்குகளாக இராது. வெறும் கம்பியில் சுருதி சேர்த்தாலும் பன்னிரண்டாம் ஃப்ரெட்டில் பிசகும், ஃப்ரெட்டையும் அரம்போல் தேய்க்கும். வாசித்து முடித்ததும் காய்ந்த பருத்தித் துணியால் கம்பியின் மேலும் கீழும் துடைத்து, பேஸை உறைக்குள் வைப்பது இங்கே கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நெக்கின் மரமும் ஈரம் குடித்து வளைவு மாறும். கம்பி ஃப்ரெட்டில் அடித்துச் சலசலக்கத் தொடங்கினால் அது அனேகமாக மழையின் வேலை.

ஸ்பாஞ்சுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஆகப் பிடித்த பகுதி இதுதான். ஒரு சின்னத் துண்டு மூலையில் உட்கார்ந்துகொண்டு இவ்வளவு காரியம் செய்வதன் கணக்கு அழகானது. பிரிட்ஜிலிருந்து 2 சென்டிமீட்டர் தள்ளிக் கம்பிக்கு அடியில் ஸ்பாஞ்சு வைக்கிறோம் என்று கொள்வோம். கம்பியின் முழு நீளம் 86 சென்டிமீட்டர். முழுக் கம்பியும் ஒன்றாக ஆடும் அடிப்படை அதிர்வு, முனைக்கு அருகே அந்த 2 சென்டிமீட்டரில் அசைவதே தெரியாது. அதன் உச்ச ஆட்டம் நூறு என்றால் அங்கே ஏழுதான். பத்தாம் மடங்கு கம்பியைப் பத்துத் துண்டாக மடித்து ஆடுவது, ஒவ்வொரு துண்டும் எட்டரை சென்டிமீட்டர். அதன் உச்ச ஆட்டம் நூறு என்றால் அதே 2 சென்டிமீட்டரில் 67 வந்துவிடும். ஒன்பது மடங்கு வித்தியாசம். உரசலில் வீணாகும் ஆற்றல் ஆட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஸ்பாஞ்சு பத்தாம் மடங்கைத் தின்னும் வேகம் அடிப்படையைத் தின்பதைப்போல் எண்பது மடங்குக்கும் மேல். மேல் மடங்குகள் தொடக்கத்தில் ஒரு கணம் தலைகாட்டிவிட்டு மறைகின்றன. அடிப்படை அதற்குப் பிறகும் சிறிது நேரம் நின்று மெல்ல அடங்குகிறது. அந்தத் தொடக்கக் கணத்தில் சுரம் எது என்று காதுக்குத் தெரிந்துவிடும், பிறகு வருவது வெறும் உருண்டை. வலது உள்ளங்கையின் ஓரத்தை பிரிட்ஜ் அருகே லேசாகப் பதித்து வாசிப்பதும் இதே வேலையைத்தான் செய்கிறது.

செய்முறை எளிது. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் பச்சை நார்ப்பக்கத்தைப் பிய்த்து எடுத்துவிடுங்கள். மெத்தென்ற பகுதியில் ஏழு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டினால் நான்கு கம்பிக்கும் போதும். பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் இடையில், பிரிட்ஜை ஒட்டி, கம்பிக்கு அடியில் செருகுங்கள். ஸ்பாஞ்சு கம்பியைத் தொட வேண்டும், தூக்கக் கூடாது. ஒரே உயரத்தில் வெட்டிய பட்டை நான்கு கம்பிக்கும் ஒத்துவராது. தடித்த நான்காம் கம்பிக்கு எடை அதிகம், அது ஸ்பாஞ்சைத் தள்ளிக்கொண்டு ஆடும். மெல்லிய முதல் கம்பி அதே ஸ்பாஞ்சில் செத்துப்போகும், 'டப்' என்று ஒரு தட்டல் மட்டும் கேட்கும். ஆகவே முதல் கம்பிப் பக்கம் கத்தரிக்கோலால் சரிவாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு நான்கு கம்பியிலும் ஒரே சுரத்தை வாசித்து, அடங்கும் நேரம் சமமாகும்வரை பார்க்க வேண்டும். ஸ்பாஞ்சு வைத்த பிறகு சுருதியை மறுபடி சேர்ப்பது நல்லது, கொஞ்சம் ஏறியிருக்கும். ஃபெண்டரே அறுபதுகளில் பிரிட்ஜ் மூடிக்கு உள்ளே இப்படி ஒரு ஸ்பாஞ்சை ஒட்டித்தான் பேஸை விற்றது. பிற்காலத்தில் மூடியை அவிழ்த்து வைத்துவிட்டு வாசிப்பது வழக்கமானபோது ஸ்பாஞ்சும் மறந்துபோனது.

டோன் நாப்புக்குள் இருப்பது ஒரு 250 கிலோ ஓம் மாறும் மின்தடையும், 0.047 மைக்ரோஃபாரட் அளவிலான ஒரு கெப்பாசிட்டரும். உயர் அதிர்வெண்களை அது தரைக்கு வடித்துவிடுகிறது என்பது பொதுவான விளக்கம். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. பிக்கப்பின் சுருள் ஒரு தூண்டுசுருள். தூண்டுசுருளும் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் ஒத்ததிர்வு உண்டு. சுருளின் மதிப்பை 5 ஹென்றி என்று வைத்துக் கணக்கிட்டால், நாப்பை முழுக்க மூடும்போது அந்த ஒத்ததிர்வு ஏறத்தாழ 330 ஹெர்ட்ஸில் விழுகிறது. அதற்கு மேல் எல்லாம் சரிந்து இறங்கும், அந்த இடமோ சரியாமல் நிற்கும். நாப்பை முழுக்கத் திறந்திருக்கும்போது சுருளோடு சேர்வது கேபிளின் மின்தேக்கம்தான். அப்போது ஒத்ததிர்வு இரண்டு, மூன்று ஆயிரம் ஹெர்ட்ஸுக்குப் போய்விடும். கேபிள் மீட்டருக்கு நூறு பைக்கோஃபாரட் அளவில் சேர்க்கும் என்பதால் நீளமான கேபிளும் கொஞ்சம் பளபளப்பைத் தின்னும். நான் நாப்பை முழுக்க மூடச் சொல்ல மாட்டேன். முழுக்க மூடினால் 700, 800 ஹெர்ட்ஸும் போய்விடும். சின்ன ஸ்பீக்கரில் பேஸை அடையாளம் காட்டுவது அந்தப் பகுதி. மூன்றில் ஒரு பங்கு திறந்து வைத்து, அங்கிருந்து காதைக் கேட்டுக் கூட்டிக் குறைப்பது சரியாக வரும்.

மற்றப் புகழ்பெற்ற குரல்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பால் மெக்கார்ட்னி 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கிய ஹோஃப்னர், வயலின் வடிவத்தில் உள்ளே வெற்றிடம் கொண்டது, கம்பி நீளம் 30 அங்குலம்தான். அதே சுருதிக்கு இழுவிசை குறைவு, ஒலி சீக்கிரம் மலர்ந்து சீக்கிரம் வாடும். நம் 34 அங்குல பேஸில் அதை நெருங்க ஸ்பாஞ்சும் நெக் பிக்கப்பும் போதும். 1972இல் காணாமல்போன அந்த பேஸ் அவரிடமே திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி 2024இல் வந்தபோது மனசு நிறைந்தது.

ஜேகோ பாஸ்டோரியஸ் எதிர்த் திசை. 1962ஆம் வருட ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டுகள் இல்லை, மரத்தின்மேல் எப்பாக்சி பூச்சு, ரோட்டோசவுண்ட் ரவுண்ட் கம்பி, பிரிட்ஜ் பிக்கப், விரலும் பிரிட்ஜ் பக்கமே. அவருடைய முதல் ஆல்பம் 1976இல் வந்தது. ஃப்ரெட் இல்லாத பலகையில் விரல் அழுத்தும் இடத்துக்கு முன்னால் கம்பி மரத்தை மிகச் சாய்ந்த கோணத்தில் தொட்டும் தொடாமலும் அதிர்கிறது. ராமன் தம்புராவின் குதிரையில் கண்ட அந்த ஒட்டுதலின் உறவுக்காரன் இது. அதனால்தான் ஜேகோவின் சுரங்கள் மீட்டிய பின்னும் மலர்ந்துகொண்டே போகின்றன, நம் காதுக்கு அவை அந்நியமாக ஒலிப்பதில்லை. ஃப்ரெட் உள்ள பேஸில் எந்த நாப்பைத் திருகினாலும் அது வராது. ஆசை இருந்தால் ஃப்ரெட் இல்லாத பேஸைத்தான் வாங்க வேண்டும்.

தமிழ்ப் பாட்டுகளிலேயே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1986இல் 'புன்னகை மன்னன்' காலத்திலிருந்து கணினியும் சீக்வென்சரும் நம் இசைக்குள் வருகின்றன. அதற்குப் பிறகு வந்த பல பாட்டுகளில் கேட்கும் பேஸ், சிந்தசைசரில் பிறந்தது. அதைக் கம்பியில் அப்படியே பிரதி எடுக்க முயல்வதைவிட அந்த மெட்டை எடுத்துக்கொண்டு, நம் கையின் தொனியில் வாசித்தால் மேடையில் எடுபடும்.

தொனியைச் சரிசெய்யும்போது எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதும் முக்கியம். 41 ஹெர்ட்ஸ் ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கு மேல். நான்கு மீட்டர் நீளமுள்ள ஓர் அறையின் இரண்டு எதிர்ச் சுவருக்கிடையே அந்த அலையின் பாதி ஏறக்குறையப் பொருந்தும். நம் வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று கொண்டால், அப்படிப்பட்ட அறை ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸில் தானே முழங்கும். அது நான்காம் கம்பியின் முதல் ஃப்ரெட், எஃப் சுரம். கான்கிரீட் கூரையும் சிமென்ட் தரையும் உள்ள வீட்டில் அந்த ஒரு சுரம் மட்டும் குமுறும், பக்கத்துச் சுரங்கள் மெலிந்து கேட்கும். பேஸில் பழுது என்று நினைத்துக் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். ஆம்பைச் சுவர் மூலையிலிருந்து ஒரு மீட்டர் முன்னே இழுத்து, தரையிலிருந்து ஒரு ஸ்டூலில் ஏற்றி வைத்தால் குமுறல் குறையும். ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுவிட்டால் எது பேஸின் குரல், எது அறையின் குரல் என்று பிரித்துவிடலாம்.

பழைய பதிவுகளில் இருந்த இன்னொரு கை, காந்த நாடா. அளவுக்குச் சற்று மேலே ஒலியைப் பதித்தால் நாடா முனைகளை மழுக்கிவிடும். உரத்த சுரமும் மெல்லிய சுரமும் ஒன்றுக்கொன்று நெருங்கி வரும். இன்று அதற்குக் கம்ப்ரெஸ்ஸர். நான்குக்கு ஒன்று என்ற விகிதத்தில், சுரத்தின் தொடக்கத்தை விட்டுவிட்டு அதன்பின் பிடிக்கும்படி அட்டாக் நேரத்தை 20, 30 மில்லிசெகண்டில் வைத்து, மூன்று நான்கு டெசிபெல் மட்டும் இறங்கும்படி பார்த்துக்கொண்டால் போதும். பெடல் வாங்கியே தீர வேண்டும் என்று கேட்பவருக்கு நான் காட்டும் ஒரே பெடல் இதுதான். ஆனால் அது கை, கம்பி, ஸ்பாஞ்சு, டோன் நாப் ஆகிய நான்கும் சரியான பிறகு.

திருவிழா மேடையில் அறைக்கு நேர்மாறு. மைதானத்தில் சுவர் இல்லை, அறை கொடுத்த முழக்கம் அங்கே கிடையாது. கடற்காற்று குறுக்கே அடிக்கும்போது உயர் அதிர்வெண்கள் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் போகும். வீட்டில் கச்சிதமாக இருந்த தொனி அங்கே மெலிந்து தெரிவதால் பேஸ் நாப்பை ஏற்றக் கை போகும். அங்கே சவுண்டு ஆபரேட்டரிடம் நான்கு விஷயம் கேட்டுக்கொள்ளலாம். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடச் சொல்லுங்கள், மேடைப் பலகை அதிர்வதும் மைக் உரசலும் அதோடு போகும். டிரம்ஸின் கிக்கை 60 பக்கமும் பேஸை 100 பக்கமும் நிறுத்தச் சொல்லுங்கள், ஒன்றின் இடத்தில் மற்றொன்று உட்காராது. 250 பக்கம் குழம்பினால் அங்கே மட்டும் கொஞ்சம் குறைக்கலாம். 700, 800 பக்கம் இரண்டு மூன்று டெசிபெல் ஏற்றச் சொல்லுங்கள். மைதானத்தின் கடைசியில், மூங்கில் கம்பத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குப் பேஸ் கேட்பது அந்தக் கடைசித் திருகலால்தான்.